காலத்தைச் சுமக்கும் தண்டு: கேம்ஷாஃப்டின் வரலாறும் தேர்வும்

நவீன மோட்டார் காருக்கு முஸ்லிம் நாகரிகம் அளித்த கொடைகளுள் ஒன்றாகக் கேம்ஷாஃப்ட் அண்மைக் காலமாக நம்மிடையே அடிக்கடி எடுத்துக் கூறப்படுகிறது. கி.பி. 1206இல் அல்-ஜஸரி அதனைக் கண்டுபிடித்தார் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது. அந்த வரி முழுப் பொய்யுமன்று, முழு உண்மையுமன்று. பெருமை கொள்ளும் ஆர்வத்தில் நாம் அளவைத் தவறவிட்டால், மறுக்கப்படும்போது உண்மையாகவே நமக்குரிய பங்கையும் சேர்த்து இழக்க நேரிடும். ஆகவே இப்பொருளில் அல்-ஜஸரியும் அவர் வழிவந்தோரும் செய்தது யாது என்பதை வரையறுத்துக் கொள்வது அவசியம்.

அதனை வரையறுப்பதற்கு நூலகம் மட்டும் போதாது. பட்டறைக்கும் செல்ல வேண்டும். கார் எஞ்சினை மாற்றியமைத்து அதன் ஆற்றலைக் கூட்ட முனையும் ஒருவர் இன்று எந்த கேம்ஷாஃப்டைத் தேர்ந்தெடுப்பது என்று எண்ணும்போது எதிர்கொள்ளும் கேள்விகளே, எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கைவினைஞர்களின் சாதனை எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

கேம் என்பது யாது?

சுழலும் தண்டு ஒன்றில் ஓரிடம் மட்டும் புடைத்திருப்பதாகக் கொள்வோம். தண்டு சுழலச் சுழல அப்புடைப்பு தன்மீது சார்ந்திருக்கும் பொருளை உயர்த்தும். கடந்து சென்றபின் அப்பொருள் தாழும். அப்புடைப்பே கேம். தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் இதனை நெம்புருள் என்பர். பல கேம்களைத் தாங்கிய தண்டு கேம்ஷாஃப்ட் எனப்படுகிறது. ஓயாது ஒரே சீராகச் சுழலும் இயக்கத்தை, வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு மட்டும் நிகழும் இயக்கமாக மாற்றித் தருவதே இதன் பணி. எப்போது உயர்த்துவது, எவ்வளவு உயரம் உயர்த்துவது, எவ்வளவு நேரம் உயர்த்தி வைத்திருப்பது ஆகிய மூன்று கட்டளைகளும் அப்புடைப்பின் வடிவத்திலேயே எழுதப்பட்டுள்ளன. ஒரு தண்டில் பல கேம்கள் இருப்பின், எதன்பின் எது என்னும் நான்காவது கட்டளையும் சேர்ந்துகொள்கிறது.

அல்-ஜஸரிக்கு முன்

கேமின் தத்துவம் அல்-ஜஸரிக்கு மிக முந்தியது. சீனத்தில் ஹான் வம்சக் காலத்திலேயே, கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில், தானியம் குற்றும் உலக்கைகளை நீர்விசையால் தூக்கி விழச் செய்த செய்தியை ஹுவான் தான் என்பார் குறித்துள்ளார். ஏறத்தாழ அதே நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவின் ஹீரோன், காற்றுச் சக்கரத்தின் அச்சில் பொருத்திய முளைகளால் பிஸ்டனைத் தூக்கி ஒலியெழுப்பும் இசைக்கருவி ஒன்றை விவரித்தார். எனவே கேமை முதன்முதலில் கண்டவர் முஸ்லிம் அறிஞர் எவருமல்லர்.

ஆயின் கிரேக்கச் செல்வம் அரபு மொழிக்கு வந்து சேர்ந்தபோது அது அப்படியே பெட்டியில் பூட்டி வைக்கப்படவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்களான முஹம்மத், அஹ்மத், ஹஸன் ஆகிய மூவரும் ‘கிதாபுல் ஹியல்’ என்னும் பொறிநூலை இயற்றினர். தானே இசைக்கும் குழல் பற்றிய தனி நூலொன்றும் அவர்களுக்குரியதாகக் கூறப்படுகிறது. அதில், முளைகள் பதித்த உருளை சுழன்று குழலின் துளைகளைத் திறந்து மூடுகிறது. முளைகளின் இருப்பிடமே இராகத்தைத் தீர்மானிக்கிறது. பதினோராம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்-பிரூனி தமது ‘கிதாபுல் ஜமாஹிர்’ நூலில், தங்கம் கலந்த பாறையை இடிக்க ஓடும் நீரால் இயங்கிய உலக்கைகளைக் குறிப்பிடுகையில், ஸமர்கந்தில் காகிதம் செய்ய ஆளி நாரை இடிப்பதற்கும் அவ்வாறே செய்யப்படுவதாக ஒப்பிட்டுரைக்கிறார். இஸ்லாமிய உலகில் அறிவு பரவியதற்குக் காகிதம் அடிப்படை. அக்காகிதத்தின் பின்னால் நின்று உழைத்த பொறிகளுள் கேமும் ஒன்று என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

அல்-ஜஸரியின் பங்கு

பதீஉஸ் ஸமான் அபுல் இஸ் இஸ்மாயீல் இப்னுர் ரஸ்ஸாஸ் அல்-ஜஸரி, தஜ்லா நதியின் மேற்பகுதியில் அமைந்த தியார் பக்ரில் அர்த்தூக்கிய மன்னர்களின் அவையில் பணியாற்றியவர். மன்னர் நாஸிருத்தீன் மஹ்மூதின் வேண்டுகோளை ஏற்று, தாம் செய்த கருவிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1206இல் நிறைவுற்றது. ஐம்பது கருவிகள் ஆறு பிரிவுகளில் அதில் விவரிக்கப்பட்டுள்ளன. டொனால்ட் ஹில் 1974இல் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அஹ்மத் யூஸுஃப் அல்-ஹஸன் 1979இல் அலெப்போவிலிருந்து அரபு மூலத்தைப் பதிப்பித்தார். இவ்விருவரின் உழைப்பினாலேயே உலகம் அல்-ஜஸரியை உரிய முறையில் அறிந்துகொண்டது.

அந்நூலின் முதற்கருவியான கோட்டைக் கடிகாரத்தில் முரசறைவோர் இருவர், எக்காளம் ஊதுவோர் இருவர், தாளம் தட்டுபவர் ஒருவர் என ஐந்து பொம்மைகள் நிற்கும். குறித்த நாழிகையில் நீர் ஒரு சக்கரத்தின்மீது விழ, அதன் அச்சிலுள்ள முளைகள் பொம்மைகளின் கைகளோடு இணைந்த கோல்களை அழுத்தி விடுவிக்கும், கை உயர்ந்து தாழும், முரசு ஒலிக்கும். அரசவை விருந்தில் தடாகத்தில் மிதக்கவிடப்பட்ட படகிலும் இசைக்கலைஞர் நால்வரின் பொம்மைகள் இவ்விதமே இயங்கின. முளைகளை இடம் மாற்றினால் தாளம் மாறும். சக்கரத்தை மாற்ற வேண்டியதில்லை, பொம்மைகளை மாற்ற வேண்டியதில்லை. விசை வேறு, கட்டளை வேறு என்று பிரித்து, கட்டளையைத் தண்டில் வைக்கும் இந்த அமைப்பே இன்றைய எஞ்சினுக்குள்ளும் இருக்கிறது.

அல்-ஜஸரியின் தனிச்சிறப்பு இன்னொன்று. படிப்பவர் செய்து பார்க்கும்படி எழுதியவர் அவர். எந்தத் தகடு, என்ன அளவு, எவ்வாறு பொருத்துவது, எவ்வாறு சரிபார்ப்பது என்பவற்றைப் படங்களுடன் விளக்கினார். செய்முறையால் உறுதி செய்யப்படாத தொழிற்கலை ஐயத்திற்குரியது என்பது அவர் முன்னுரையில் வெளிப்படுத்தும் நிலைப்பாடு. முதன்மையைவிட இந்த நிலைப்பாட்டையே நாம் அவருடைய பெருங்கொடையாகக் கொள்ள வேண்டும்.

தகிய்யுத்தீனின் ஆறு சிலிண்டர்கள்

கேம்ஷாஃப்ட் என்று தயக்கமின்றிச் சொல்லத்தக்க அமைப்பு மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின் உஸ்மானிய அறிஞர் தகிய்யுத்தீன் முஹம்மத் இப்னு மஃரூபின் நூலில் காணப்படுகிறது. பின்னாளில் இஸ்தான்புல் வானாய்வுக்கூடத்தை நிறுவிய இவர், ஹிஜ்ரி 959இல், அதாவது 1551 அளவில் எழுதிய பொறிநூலில் ஆறு சிலிண்டர் நீரிறைப்பானை விவரிக்கிறார். ஒரே மரக்கட்டையில் ஆறு சிலிண்டர்கள் குடையப்பட்டுள்ளன. நீர்ச்சக்கரத்தின் நீண்ட அச்சில் ஆறு கேம்கள், ஒன்றையடுத்து ஒன்று முறை வைத்து இயங்குமாறு, வெவ்வேறு கோணங்களில் பொருத்தப்பட்டுள்ளன. ஒவ்வொரு கேமும் ஒரு நெம்புகோலை அழுத்தி ஒரு பிஸ்டனை உயர்த்த, நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. பிஸ்டன் தண்டின் தலையில் உள்ள ஈயக்கட்டி அதனைக் கீழே அழுத்த, நீர் குழாயில் ஏறுகிறது.

இதில் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. கேமுக்குத் தள்ள மட்டுமே தெரியும். திரும்பக் கொண்டுவரத் தெரியாது. திரும்பக் கொண்டுவரும் பணியை தகிய்யுத்தீன் ஈயக்கட்டியிடம் ஒப்படைத்தார். அது நீர்த்தம்பத்தின் எடையை வெல்லும் அளவு கனமாயிருக்க வேண்டும் என்பதையும் அவர் கணக்கிற்கொண்டார். இன்றைய எஞ்சினில் அப்பணியை வால்வு ஸ்பிரிங் செய்கிறது. கேமை மட்டும் மாற்றி ஸ்பிரிங்கை மறந்துவிடுவோர் இன்றும் உண்டாதலால் இதனை இங்கே வலியுறுத்துகிறோம்.

எனினும் ஒற்றுமை வேறு, வம்சாவளி வேறு. ஐரோப்பாவில் பதினோராம் நூற்றாண்டு முதலே துணி மிதிக்கும் ஆலைகளில் கேம்கள் இயங்கின. 1556இல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்க நூலிலும் தாது இடிக்கும் கேம் உலக்கைகளின் படங்கள் உள்ளன. பல நாடுகளின் தொழிலாளர் கைகளில் வளர்ந்த பொதுச்சொத்து இது. அதில் நமது முன்னோரின் பங்கு பெரியது, ஆனால் ஏகபோகமன்று.

எஞ்சினுக்குள் நுழைந்த கேம்

1876இல் நிக்கோலஸ் ஓட்டோ உருவாக்கிய நான்கு வீச்சு எஞ்சின் உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் என்னும் நான்கு செயல்களை கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுழல்வதற்குள் முடிக்கிறது. ஆகவே வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல வேண்டும். தொடக்ககால கார் எஞ்சின்கள் பலவற்றில் புகைபோக்கி வால்வை மட்டுமே கேம் திறந்தது. உள்வாங்கும் வால்வு பிஸ்டன் இறங்கும்போது ஏற்படும் உறிஞ்சலால் தானே திறந்துகொள்ளும். 1901ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் காரில் வில்ஹெல்ம் மேபாக் உள்வாங்கும் வால்வுகளையும் கேமின் ஆணைக்குள் கொண்டுவந்தார். 1912இல் பியூஷோ நிறுவனத்தின் பந்தயக் கார், சிலிண்டர் தலையின்மேல் இரண்டு கேம்ஷாஃப்டுகளும் சிலிண்டருக்கு நான்கு வால்வுகளும் கொண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் வென்றது. வால்வு எப்போது திறக்கிறது என்பது எஞ்சினின் குணத்தையே தீர்மானிக்கிறது என்பது அப்போது ஐயமற விளங்கிற்று.

கேமை மட்டும் மாற்றி எஞ்சினின் குணத்தை மாற்றும் கலையோ அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சாமானியர் பட்டறைகளில் வளர்ந்தது. எட் வின்ஃபீல்ட் அதன் முன்னோடி. ஆர்மீனியக் குடியேறியவர்களின் மகனான எட் இஸ்கெண்டேரியன் 1946இல் தமது கேம் தீட்டும் தொழிலைத் தொடங்கினார். வறண்ட ஏரிப் படுகைகளில் வேகச் சோதனை நடத்திய இளைஞர்கள் அவர்களின் வாடிக்கையாளர்கள்.

பெரிய கேம் என்னும் மயக்கம்

எஞ்சின் நிமிடத்திற்கு 1000 சுற்றுகள் சுழலும்போது, கிராங்கின் 240 பாகை அளவுக்குத் திறந்திருக்கும் வால்வு நொடியின் 25இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கிறது. 6000 சுற்றுகளில் அதே 240 பாகைக்குக் கிடைப்பது நொடியின் 150இல் ஒரு பங்கே. வேகம் கூடக் கூடக் காற்று உள்ளே புக அவகாசம் குறைகிறது. எனவே மிகுவேகத்தில் ஆற்றல் வேண்டுமாயின் வால்வை அதிகப் பாகைகளுக்குத் திறந்து வைக்க வேண்டும். இத்திறப்புக் காலம், வால்வு எழும் உயரம் ஆகிய இரண்டும் மிகுந்ததையே பட்டறை வழக்கில் பெரிய கேம் என்கின்றனர்.

ஆனால் இலாபத்திற்கு விலையுண்டு. பெரிய கேமில் உள்வாங்கும் வால்வு, பிஸ்டன் கீழெல்லையைக் கடந்து மேலேறத் தொடங்கிய பின்னரும் நெடுநேரம் திறந்தே இருக்கும். மிகுவேகத்தில் உள்ளே பாயும் காற்று தன் உந்தத்தால் அப்போதும் நுழைந்துகொண்டிருப்பதால் அது நன்மையாகிறது. குறைந்த வேகத்தில் அவ்வுந்தம் இல்லை. உள்ளே வந்த கலவையைப் பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளிவிடுகிறது. அழுத்தம் குறைகிறது, இழுவை குறைகிறது. இதைப்போலவே புகைபோக்கி வால்வு மூடுவதற்குள் உள்வாங்கும் வால்வு திறந்துவிடும் மேற்பொருந்து காலமும் நீள்கிறது. மிகுவேகத்தில் வெளியேறும் புகை புதிய காற்றை இழுத்துவரத் துணை செய்யும். ஐட்லிங்கிலோ புகையே உள்ளே திரும்பிக் கலவையைக் கெடுக்கும். எஞ்சின் குலுங்கி நிற்கும். உள்வாங்கு குழாயின் வெற்றிடத்தை நம்பியிருக்கும் பிரேக் பூஸ்டர் வலுவிழக்கும். அக்குலுங்கலின் ஓசையைக் கேட்டு ஆற்றல் மிகுந்துவிட்டதாக மகிழ்வோர் உளர். நகரச் சாலையில் 2000 சுற்றுகளுக்கும் 4000 சுற்றுகளுக்கும் இடையே ஓடும் காருக்கு 7000 சுற்றில் விழித்தெழும் கேமைப் பொருத்துதல், ஆற்றலைக் கூட்டுவதன்று, இருந்ததையும் இழப்பதாகும்.

ஆகவே தேர்வின் முதற்கேள்வி ‘எவ்வளவு பெரியது’ என்பதன்று. ‘எந்த வேகத்தில் பணி’ என்பதே. கேமின் காலத்தை ஒப்பிடும்போது அளவு எடுக்கும் முறையும் ஒன்றாயிருக்க வேண்டும். வால்வு அசையத் தொடங்கும் கணத்திலிருந்து அளப்பதும், டேப்பட் 1.27 மி.மீ. உயர்ந்த நிலையிலிருந்து அளப்பதும் பெரிதும் வேறுபட்ட எண்களைத் தரும். பின்னைய முறைப்படி, பழைய அமெரிக்க வி-8 எஞ்சின்களில் சுமார் 210 பாகை வரை அமைதியான அன்றாட ஓட்டத்திற்கும், 220 முதல் 230 வரை சற்று விறுவிறுப்பான சாலைப் பயணத்திற்கும், 240க்கு மேற்பட்டவை பெரும்பாலும் பந்தயத்திற்கும் உரியவை. அதே கேம் பெரிய கொள்ளளவுள்ள எஞ்சினில் சாதுவாகவும் சிறிய எஞ்சினில் முரடாகவும் நடந்துகொள்ளும். உள்வாங்கும் கேமின் உச்சிக்கும் புகைபோக்கி கேமின் உச்சிக்கும் இடைப்பட்ட கோணமும் கருதத்தக்கது. 106 பாகையளவில் அது குறுகினால் மேற்பொருந்து காலம் மிகும். 112 முதல் 114 வரை விரிந்தால் ஐட்லிங் சீராகும். டர்போ பொருத்திய எஞ்சின்களில் புகைக்குழாயில் எதிரழுத்தம் இருப்பதால் பொதுவாக மேற்பொருந்து காலம் குறைந்த கேமே ஏற்றது.

முழுமையோடு பொருந்துதல்

கேம் தனித்து நின்று பயன் தருவதில்லை. நீண்ட காலக் கேமினால் குறையும் அழுத்தத்தை ஈடுசெய்ய எஞ்சினின் அழுத்த விகிதம் உயர்ந்திருக்க வேண்டும். காற்று வரும் குழாயும் புகை செல்லும் குழாயும் சிலிண்டர் தலையும் அக்கூடுதல் காற்றைக் கடத்த வல்லவையாக இருக்க வேண்டும். காரின் எடை, கியர் விகிதம், தானியங்கி கியராயின் அதன் டார்க் கன்வர்ட்டர் ஆகியவையும் எஞ்சினை அந்த வேக எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும். கணினி கட்டுப்பாடுள்ள எஞ்சினில் எரிபொருள், தீப்பொறி அட்டவணைகளும் திருத்தப்பட வேண்டும்.

1957ஆம் ஆண்டின் ஷெவ்ரோலெ கார்வெட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பொறியாளர் ஸோரா ஆர்க்கஸ்-டண்டோவின் பெயரால் வழங்கும் கேம் அதில் இடம்பெற்றது. ஆனால் அதனுடன் 10.5க்கு 1 என்ற அழுத்த விகிதம், எரிபொருள் உட்செலுத்தும் அமைப்பு, மிகுவேகம் தாங்கும் திட டேப்பட்டுகள் ஆகியவையும் சேர்ந்தே வந்தன. 283 கன அங்குல எஞ்சின் 283 குதிரைத்திறன் தந்தது கேமின் தனிப்புகழன்று, பொருத்தத்தின் புகழ். பிற்காலத்தில் ஹோண்டா நிறுவனம், குறைவேகத்திற்கொன்றும் மிகுவேகத்திற்கொன்றுமாக இருவகைக் கேம்களை ஒரே தண்டில் வைத்து, ஓட்டத்தின் நடுவிலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வி-டெக் அமைப்பை 1989இல் இன்டெக்ரா காரில் அறிமுகப்படுத்தியது. 1.6 லிட்டர் எஞ்சின் 160 குதிரைத்திறன் தந்தது. ஒரே கேம் எல்லா வேகத்திற்கும் உகந்ததாக இருக்கவியலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை.

அளந்து பார்த்தல்

தேர்ந்தெடுத்த கேமைப் பொருத்துவதிலும் ஓர் ஒழுங்குண்டு. கிராங்கில் பாகை வட்டையும் டேப்பட்டில் டயல் கேஜையும் பொருத்தி, தாளில் அச்சிட்டவாறே வால்வு திறக்கிறதா என்று அளக்க வேண்டும். நான்கு பாகை முந்தினாலே இழுவை கீழ்வேகத்தின் பக்கம் நகரும். பிந்தினால் மேலே செல்லும். வால்வு அதிக உயரம் இறங்குவதால் பிஸ்டனில் மோதும் அபாயமுண்டு. பிஸ்டன் தலையில் களிமண் வைத்துக் கிராங்கைக் கையால் இருமுறை சுழற்றி, பதிந்த தடத்தின் கனத்தை அளந்து பார்ப்பது பழைய, நம்பகமான முறை. உள்வாங்கும் வால்வுக்கு ஏறத்தாழ 2 மி.மீ., புகைபோக்கி வால்வுக்கு 2.5 மி.மீ. இடைவெளி இருத்தல் நலம். ஸ்பிரிங் கேமின் வேகத்திற்கு ஈடுகொடுக்காவிடில் வால்வு கேமைப் பின்தொடராமல் மிதக்கும். தகிய்யுத்தீனின் ஈயக்கட்டி எடை குறைந்தால் நேர்வதும் இவ்வகைக் கோளாறே. தட்டை டேப்பட் வகையில் புதிய கேமுக்குப் புதிய டேப்பட்டுகளே வேண்டும்; முதன்முறை இயக்கும்போது ஐட்லிங்கில் விடாமல் 2000 சுற்றுகளுக்கு மேல் சுமார் இருபது நிமிடம் ஓட்டிப் பழக்குதல் வேண்டும். அவசரப்பட்டால் கேமின் முகடு தேய்ந்துவிடும்.

இவையனைத்தும் செய்து பார்த்தே நம்பு என்னும் அல்-ஜஸரியின் நெறிக்கு உட்பட்டவை. விற்பவர் தரும் தாளிலுள்ள எண்ணை நம்பாமல் தண்டையே அளப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, அந்த நெறியில் நடப்பவராவார்.

வரலாற்றுக்கும் அவ்வளவே விதி. அல்-ஜஸரி காரைக் கண்டுபிடிக்கவில்லை. கேமையும் அவர் முதலில் காணவில்லை. பலர் கையில் உலக்கை தூக்கிய ஒரு பொறியில் முளைகளின் வரிசையால் தாளத்தை அமைத்து, அதனை மற்றொருவர் செய்யுமாறு அளவோடு எழுதி வைத்தார். தகிய்யுத்தீன் அவ்வரிசையைக் கொண்டு ஆறு பிஸ்டன்களை முறைப்படுத்தினார். மேடையில் இவ்வளவைச் சொன்னாலே போதும். கூட்டிச் சொல்ல வேண்டிய தேவையில்லை. இன்று மின்சாரக் கார்களில் கேம்ஷாஃப்டே இல்லை. நாளை இத்தண்டு காட்சிக்கூடப் பொருளாகவும் ஆகலாம். அப்போதும் அதனருகே எழுதப்படும் குறிப்பில் இவ்விருவர் பெயரும் இடம்பெற வேண்டுமாயின், நாம் இன்று எழுதி வைப்பவை அளந்து பார்ப்போர் கையில் பிழையின்றி நிற்க வேண்டும்.